செயற்கைக்கோள் பார்க்காத ஏரி

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு உண்டு. நான் பிறந்து வளர்ந்தது அதற்கு இரண்டு தெரு தள்ளி. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகிய வயதில் அந்தப் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு அப்பாவிடம் கேட்டேன்: "லேக்னா ஏரிதானேப்பா? ஏரி எங்கே இருக்கு?"

அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டே சொன்னார்: "தண்டவாளத்துக்கு அந்தண்டை இருக்கே தி.நகர், அதான் ஏரி."

எனக்குப் புரியவில்லை. அந்தண்டை இருந்தது பாண்டி பஜாரும் பனகல் பார்க்கும். "அப்போ தண்ணியெல்லாம் எங்கே போச்சு?" என்றேன். "எங்கேயாவது போயிருக்கும். தண்ணிக்கு வழியா இல்லை?" என்றார். அந்தப் பதிலின் அர்த்தம் புரிய எனக்கு அறுபத்தைந்து வயதாக வேண்டியிருந்தது.

அந்த ஏரியை வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். நுங்கம்பாக்கத்தில் ஆரம்பித்து, மாம்பலம் வழியாக, சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி. மவுண்ட் ரோடு அதன் கிழக்கே போனது. அதில் படகுப் போட்டிகூட நடத்தியிருக்கிறார்கள். ஊர் பெருத்தது, வீட்டுக்கு இடம் போதவில்லை. 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 வாக்கில், பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த நீதிக்கட்சி ஆட்சியில், ஏரியை வடித்து மனை போடும் வேலை தொடங்கியது. புதிய குடியிருப்புக்குச் சர் பிட்டி தியாகராயரின் பெயரை வைத்தார்கள். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா என்று சில பெயர்கள் மட்டும் மிச்சம். 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் அந்த ஏரியின் மிச்சப் பகுதியில் எழுந்ததுதான்.

யாரும் ஒளித்துச் செய்யவில்லை. எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. அன்றைக்கு அதைத் தப்பு என்று சொன்னவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். எங்கள் குடும்பமே அந்தப் புது ஊரின் கடைகளாலும் பள்ளிக்கூடங்களாலும் வளர்ந்ததுதான். அதனால் இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்வதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2003-ல், ஓய்வு பெற ஐந்து வருஷம் இருக்கும்போது, பி.எஃப். பணத்தில் முன்பணம் எடுத்து வேளச்சேரி தாண்டி ஒரு ஃப்ளாட் வாங்கினேன். மகனுக்காக. அம்மா வந்து தங்கினால் மாடி ஏற முடியாது என்று தரைத்தளமாகப் பார்த்து வாங்கினேன். கணக்குத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் ஆயிற்றே, தாள்களையெல்லாம் நன்றாகத்தான் பார்த்தேன். முப்பது வருஷ வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், வக்கீல் கருத்து, வங்கியின் ஒப்புதல். வில்லங்கச் சான்றில் ஒரு வில்லங்கமும் இல்லை. தண்ணீர் தன் பாத்தியதையைப் பதிவு அலுவலகத்தில் போய்ப் பதிவதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

2015 டிசம்பர் 1 ராத்திரி. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாள். வேளச்சேரி வீட்டில் மகன், மருமகள், ஏழு மாதக் குழந்தை. பதினோரு மணிக்கு, "வாசப்படி வரைக்கும் வந்துடுத்துப்பா" என்று மகன் சொன்னான். அத்தோடு ஃபோன் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. மயிலாப்பூரில் நானும் மனைவியும் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர்கள் மாடி வீட்டுக்காரர்களோடு மொட்டை மாடிப் படிக்கட்டில் இருந்தார்கள். குழந்தைக்குப் பால்பவுடர் கொடுத்தது இரண்டாம் மாடியில் இருந்த, அதுவரை பெயர்கூடத் தெரியாத ஓர் அம்மாள். அந்தக் கடனை நாங்கள் இன்னும் தீர்க்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஏரியைத் திறந்துவிட்டது யார், ஏன் முன்னாலேயே சொல்லவில்லை, கால்வாயை யார் தூர்த்தது. அதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் சேறு கழுவிய தரையில் நின்றபோது எனக்கு அப்பாவிடம் கேட்ட பழைய கேள்விதான் திரும்ப வந்தது. நான் வாங்கிய இடம் முன்னே என்னவாக இருந்தது?

இதற்குப் பதில் தேடப் போய்த்தான் தொலையுணர்வு படித்தேன்.

டேராடூனில் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இருக்கிறது. 1966-ல் டச்சுக்காரர்கள் உதவியோடு விமானப் படங்களைப் படிக்கச் சொல்லித் தரும் நிறுவனமாகத் தொடங்கியது. இன்று இஸ்ரோவின் ஓர் அங்கம். 2007 முதல் நாடு முழுதும் தொலைவழி வகுப்பும் நடத்துகிறார்கள். 2016-ல் நானும் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். "பென்ஷன் வாங்கற வயசுல ராக்கெட் விடப் போறேளா?" என்று மனைவி கேட்டாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் என் மகனைவிடச் சின்னவர்கள் என்பது அவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்தே தெரிந்தது.

பாடம் படிக்கப் படிக்க ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. இந்த நாட்டை அளந்த கதையில் பாதி நம் தெருக்களிலேயே இருக்கிறது.

1794-ல் கோட்டைக்குள் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. அந்த வளாகத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதியாக, இன்று ஒரு தொலையுணர்வு நிறுவனம் இயங்குகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அந்த மலையடிவாரத்தில் நூறு அடி இரும்புச் சங்கிலியை விரித்தார். தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். அதுதான் இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் அளவையின் முதல் கோடு. வெயிலில் இரும்பு நீளும். அதனால் சங்கிலியைப் பெட்டிகளுக்குள் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து, 57 நாளில் 400 தடவை சங்கிலி பிடித்து முடித்தார்கள். அந்தக் கோடு போன தடத்துக்குக் கிழக்கேதான் பள்ளிக்கரணைக் கழுவெளி. என் ஃப்ளாட்டும் அந்தப் பக்கம்தான். 214 வருஷம் கழித்து அதே வட்டாரத்தை நான் நாற்காலியில் உட்கார்ந்து அளந்தேன்.

நுங்கம்பாக்கத்தில், அதே ஏரி வட்டாரத்தில், 1792-ல் வானாய்வகம் கட்டினார்கள். அதன் கருங்கல் தூண் கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. தரையிலிருந்து வானத்தைப் பார்க்க 1792. வானத்திலிருந்து தரையைப் பார்க்க அமெரிக்கா முதல் லேண்ட்சாட்டை அனுப்பியது 1972. இரண்டு இலக்கம் இடம் மாற 180 வருஷம்.

நம் நாட்டில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் பிஷாரடி என்ற வானிலை விஞ்ஞானி. இளமையில் நம் லயோலா கல்லூரியில் பாடம் நடத்தியவர். 1970-ல் கேரளத்துத் தென்னந்தோப்புகள் மேல் ஹெலிகாப்டரில் பறந்து அகச்சிவப்பு ஃபிலிமில் படம் எடுக்க வைத்தார். வாடல் நோய் வந்த தென்னை, கீழே நின்று பார்க்கும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே படத்தில் வேறு நிறமாகத் தெரிந்தது. அதுதான் தொடக்கம். 1988 மார்ச் 17-ல் நம்முடைய ஐ.ஆர்.எஸ்.-1ஏ சோவியத் ராக்கெட்டில் ஏறிப் போயிற்று. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தது நினைவிருக்கிறது. படித்துவிட்டு, 'நமக்கு இதனால் என்ன' என்று அடுத்த பக்கம் திருப்பியதும் நினைவிருக்கிறது.

லேண்ட்சாட் படம் ஒன்றை நாலாயிரம் டாலருக்கு மேல் விற்ற காலம் உண்டு. 2008-ல் பழைய படம், புதுப் படம் எல்லாவற்றையும் இலவசமாக்கினார்கள். நான் ஃப்ளாட் வாங்கிய 2003-ல் எனக்கு அந்த வசதி இல்லை. இதைப் பின்னால் ஒரு காரணத்துக்காகச் சொல்வேன்.

இனி பாடம். நம் கண்ணுக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றை வைத்துச் சொல்கிறேன். கபாலி கோயில் தெப்பக்குளம் சுமார் 190 மீட்டர் நீளம், 143 மீட்டர் அகலம். செயற்கைக்கோள் படம் என்பது கோலத்துக்குப் புள்ளி வைத்தது போலக் கட்டம் கட்டமாக அமைந்தது. ஒரு கட்டத்துக்குள் என்ன இருந்தாலும் அதற்கு ஒரே எண்தான். முதல் லேண்ட்சாட்டில் ஒரு கட்டம் கிட்டத்தட்ட 80 மீட்டர். தெப்பக்குளம் முழுவதும் நாலு கட்டத்தில் அடங்கிவிடும். 1984-ல் போன ஐந்தாவது லேண்ட்சாட்டில் கட்டம் 30 மீட்டர். குளத்துக்கு முப்பது கட்டம். 2015-ல் ஐரோப்பியர்கள் அனுப்பிய சென்டினல்-2-ல் கட்டம் 10 மீட்டர். குளத்துக்கு இருநூற்றைம்பதுக்கும் மேல். பக்கத்தில் இருக்கும் சித்திரக்குளம் முதல் லேண்ட்சாட்டில் குளமாகவே தெரிந்திருக்காது. கரை, வீடு, மரம் எல்லாவற்றோடும் கலந்து ஒரு சாம்பல் கட்டமாகியிருக்கும். 'படத்தில் இல்லை' என்பதற்கும் 'தரையில் இல்லை' என்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதுதான் நான் கற்ற முதல் பாடம்.

இரண்டாவது பாடம் நிறம். முதன்முதலாக அடையாறு பக்கத்துப் படத்தைத் திறந்தபோது பயந்துவிட்டேன். தியசாபிகல் சொசைட்டி தோப்பும் கிண்டிக் காடும் ஐ.ஐ.டி. வளாகமும் ரத்தச் சிவப்பு. ஏதோ எரிகிறது என்று நினைத்தேன். விஷயம் இதுதான்: பச்சை இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். அதைக் காட்டக் கணினி சிவப்பைப் பயன்படுத்துகிறது. எவ்வளவு சிவப்போ அவ்வளவு ஆரோக்கியமான இலை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்து மரங்களைச் சாய்த்தது நினைவிருக்கும். அதற்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கிண்டியின் சிவப்பு வெளுத்துப் போயிருந்தது. காலை நடையில் விழுந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது வராத வருத்தம் அந்த வெளுத்த சிவப்பைப் பார்த்தபோது வந்தது.

தண்ணீர் இதற்கு நேர்மாறு. அகச்சிவப்பை விழுங்கிவிடும். அதனால் பச்சை ஒளியின் அளவிலிருந்து அகச்சிவப்பின் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு எண் வரும். 1996-ல் மெக்ஃபீட்டர்ஸ் என்பவர் சொன்ன வழி. உதாரணத்துக்கு, ஓர் இடத்தில் பச்சை 8, அகச்சிவப்பு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6-ஐப் பத்தால் வகுத்தால் 0.6. அது தண்ணீர். இன்னோர் இடத்தில் பச்சை 10, அகச்சிவப்பு 40. மைனஸ் 30-ஐ ஐம்பதால் வகுத்தால் மைனஸ் 0.6. அது செடி. பூஜ்யத்துக்கு மேலே தண்ணீர், கீழே தரை. இவ்வளவுதான். வாழ்நாள் முழுதும் விகிதம் போட்டவனுக்கு இதைவிட எளிது என்ன? ஒரே வாரத்தில் பள்ளிக்கரணைக்குக் கணக்குப் போட்டுவிட்டேன்.

அந்தக் கணக்கு முழுக்கத் தப்பு.

1990-களின் தொடக்கத்தில் ஒரு ஜனவரிப் படம் எடுத்தேன். 2015-ல் மேகம் இல்லாத மே மாதப் படம் ஒன்று எடுத்தேன். இரண்டுக்கும் விகிதம் போட்டுக் கழித்தேன். கழுவெளியில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. பிரின்ட் எடுத்து நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடைக்கு வரும் நண்பர்களுக்கெல்லாம் காட்டினேன். எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அதே பிரின்ட்டை எடுத்துக்கொண்டு வேளச்சேரிக்குப் போனபோது எங்கள் குடியிருப்பின் காவலாளி எட்டிப் பார்த்தார். பள்ளிக்கரணைக்காரர். சின்ன வயதில் அங்கே எருமை மேய்த்து, கோரை அறுத்து வளர்ந்தவர்.

"இது எந்த மாசம் சார்?"

"மே. சித்திரை, வைகாசி."

"சித்திரையில போயி தண்ணி தேடினா எங்க சார் இருக்கும்? அப்ப நாங்க உள்ள எறங்கி மாடு மேய்ப்போம். பொங்கலுக்கு அப்பறமா வந்து பாருங்க."

நான் பேசாமல் இருந்தேன். அவர் விரலை வைத்துப் படத்தில் இன்னோர் இடத்தைக் காட்டினார். செடி என்று நான் பச்சை அடித்து வைத்திருந்த இடம்.

"இத தரைன்னு போட்டுக்கிறீங்களே, இதுமேல கால வெச்சுப் பாருங்க. இடுப்புக்கு மேல தண்ணி. மேல ஆகாயத்தாமர. அத நம்பி எறங்குன எருமையே மாட்டிக்கும்."

நான் மழைக்காலத்து இருப்பையும் கோடைக்காலத்து இருப்பையும் ஒரே பேரேட்டில் எழுதி நஷ்டம் காட்டியிருக்கிறேன். ஆகாயத்தாமரைக்குக் கீழே இருந்த தண்ணீரை இல்லை என்று எழுதியிருக்கிறேன். ஆபீசில் ஒரு கிளார்க் இதைச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். கிடங்கில் எத்தனை மூட்டை என்று பேரேடு சொன்னால் போதாது, போய் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று வருஷக்கணக்காக மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். வகுப்பிலும் இதைச் சொல்லித்தான் தந்தார்கள், களச் சரிபார்ப்பு என்று. தேர்வில் அதற்குப் பதிலும் எழுதினேன். காவலாளி சொன்ன பிறகுதான் புரிந்தது.

மறுபடி முதலிலிருந்து செய்தேன். ஜனவரி, பிப்ரவரிப் படங்கள் மட்டும், வருஷா வருஷம் அதே பருவம். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் மேகம் மறைத்துக்கொள்வதால் அந்தப் படங்கள் உதவாது. நமக்குத் தண்ணீரைப் பார்க்க வேண்டிய நாளில்தான் இந்தக் கண் மூடிக்கொள்கிறது. மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள்கள் உண்டு. நம் ரிசாட்-1 2012-ல் போனது, ஐரோப்பாவின் சென்டினல்-1 2014-ல் போனது. திறந்த நீர்ப்பரப்பு அதில் கறுப்பாகத் தெரியும். ஆனால் வீடுகள் நெருங்கிய தெருவில் தண்ணீர் நின்றால், அலை தண்ணீரில் பட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி, பளிச்சென்று வெள்ளையாகக் காட்டிவிடும். கழுத்தளவு தண்ணீரை உலர்ந்த இடம் என்று நினைக்க வைக்கும். லேண்ட்சாட் 7-ல் 2003 மே மாதம் ஒரு கருவி பழுதாகி, அதற்குப் பிந்திய படங்களில் எல்லாம் கறுப்புக் கோடு கோடாக விழும். நான் ஃப்ளாட் வாங்கிய வருஷத்துப் படத்தைத் திறந்தால் என் கட்டடம் இருக்கும் இடத்தில் சரியாக ஒரு கறுப்புக் கோடு. மனைவி பார்த்துவிட்டு, "அப்பவே சொல்லியிருக்கு, நீங்கதான் கேக்கலை" என்றாள்.

ஆறு மாதம் ஆயிற்று. அந்தக் காவலாளியையும் அவர் அண்ணனையும் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு சுற்றினேன். அவர்கள் சொன்னதைத் தாளில் குறித்து, படத்தோடு ஒத்துப் பார்த்தேன். ஒத்துப் போகாத இடத்தில் பெரும்பாலும் அவர்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது. ஓரிரு இடத்தில் படம் சரி.

கழுவெளி ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழை, ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து கடைசியில் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கடலுக்கும் போகிறது. 2007-ல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-ல் 1,247 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மிச்சம் எங்கே என்று கேட்டால், குப்பைமேடு, அகலச் சாலை, அலுவலகங்கள், கல்லூரிகள், குடியிருப்புகள். குடியிருப்புகளில் ஒன்று என்னுடையது. 1990-களின் ஜனவரிப் படங்களில், என் படுக்கையறை இருக்கும் கட்டத்தின் எண் பூஜ்யத்துக்கு மேலே. ஒரு வருஷம் இல்லை, நான் பார்த்த எல்லா வருஷமும். 2003-க்குப் பிறகு கீழே.

தண்ணீர் எங்கே போச்சு என்று அப்பாவைக் கேட்டேனே. இங்கேதான் இருந்தது. நான்தான் அதன் இடத்துக்குப் போயிருக்கிறேன்.

2018-ல் மகன் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஃப்ளாட்டை விற்றுவிடச் சொன்னான். சுவரெல்லாம் புதிதாய் வெள்ளையடித்தாயிற்று. ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஐந்தாறு மாதம் இருக்கும். வீடு பிடித்துவிட்டது. விலையும் கிட்டத்தட்டப் படிந்துவிட்டது. கிளம்பும்போது அந்தப் பையன், "அங்கிள், 2015-ல இங்க தண்ணி வந்துச்சா?" என்று கேட்டான். தரகர் முந்திக்கொண்டு, "அந்த வருஷம் ஊருக்கே வந்துச்சு தம்பி" என்றார்.

அது பொய் இல்லை. ஆனால் என் பையில் மடிக்கணினி இருந்தது.

அவர்களை உட்காரச் சொல்லிப் படங்களைக் காட்டினேன். எந்தக் கட்டம் எந்த அறை என்று சொன்னேன். மொட்டை மாடிப் படிக்கட்டையும் காட்டினேன். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. போகும்போது மட்டும், "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். தரகர் அதற்குப் பிறகு என் ஃபோனை எடுப்பதில்லை. மகனிடம் சொன்னேன். "எனக்கு வித்தவன் உங்ககிட்ட சொன்னானாப்பா? நீங்க மட்டும் ஏன் சொல்லணும்?" என்றான். ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அவன் கடன் தவணை கட்டுகிறவன், அவன் கோபமும் நியாயம்தான். என்னிடம் இருந்த பதில் ஒன்றே ஒன்று. எனக்கு விற்றவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும். 2003-ல் நான் 'தெரியாது' என்று சொன்னால் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. இன்றைக்கு அந்தப் படம் காசில்லாமல் கிடைக்கிறது. வாங்குகிறவர், விற்கிறவர், கட்டுகிறவர், கையெழுத்துப் போடுகிறவர், யாரும் இனி அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது.

ஃப்ளாட் இன்னும் விற்கவில்லை. முதல் மாடிக்காரர்கள் சிலர் சேர்ந்து சாமான் போட்டு வைக்க வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு மறுபடி தண்ணீர் வந்தது. அட்டைப் பெட்டிகள்தான் நனைந்தன.

கடைசியாக மாம்பலம் ஏரி. அதையும் படத்தில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் முதல் லேண்ட்சாட் போவதற்கு ஐம்பது வருஷம் முன்னாலேயே அந்த ஏரியை வடிக்கத் தொடங்கிவிட்டார்கள். எந்தச் செயற்கைக்கோளும் அதைப் பார்த்ததில்லை. அதனால் பழைய சென்னை வரைபடம் ஒன்றைக் கணினியில் ஏற்றி, இன்றைய படத்தின் மேல் பொருத்தினேன். இப்படிப் பொருத்துவதற்கு இடம் மாறாத புள்ளிகள் வேண்டும். சாலைகள் நகர்ந்துவிட்டன, பாலங்களை மாற்றிக் கட்டிவிட்டார்கள். கோயில்கள் மட்டும் அங்கேயே இருக்கின்றன. மயிலை கபாலியையும் சைதை காரணீஸ்வரரையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வரைபடத்தை இழுத்துப் பொருத்தினேன். ஏரியின் கரை ஒரு நீலக் கோடாகத் தி.நகர் மேல் விழுந்தது.

2021 நவம்பர் மழையில் தி.நகர்த் தெருக்களில் தண்ணீர் நின்றதே, அப்போது செய்தியில் கேட்ட தெருப் பெயர்களை ஒவ்வொன்றாக அந்தக் கோட்டோடு ஒத்துப் பார்த்தேன். பலவும் கோட்டுக்கு உள்ளே இருந்தன. அப்பா இருந்திருந்தால் காட்டியிருப்பேன். சைக்கிளை நிறுத்தாமலே, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றிருப்பார்.